தேசி மரம் மொட்டையான கதை: தொட்டி எலுமிச்சை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, என்ர தேசி மரம் முழுக்கக் கொட்டிப்போட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ." யாழ்ப்பாணத்தார் எலுமிச்சையைத் தேசி என்பார்கள். திருநெல்வேலிக்காரனான எனக்குக் கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்த புதிதில் அது விளங்கவில்லை. இப்போது கடையில் நானே தேசிக்காய் என்றுதான் கேட்கிறேன்.

போய்ப் பார்த்தால் நாலடி உயர மரம், முக்கால்வாசி வெறும் குச்சி. உச்சியில் முப்பது இலை இருக்கும், அதுவும் வெளிறிப்போய். இலை இல்லாத கிளைகளில் ஒன்பது காய்கள் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

அக்கா ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்: பூச்சி. இலையின் அடியில் ஏதோ சிவப்பாக ஊர்வதை மகன் போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறான். மேசைமேல் மருந்து பாட்டில் ஒன்றும் தயாராக இருந்தது. உறவினர் யாரோ ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது, லேபிள் பாதி அழிந்திருந்தது. முதல் வேலையாக அதை வாங்கித் தள்ளி வைத்தேன். ஜன்னலெல்லாம் மூடிய பனிக்கால வீடு, தரையில் தவழும் பேரன், நாளைக்குச் சாற்றைப் பிழிந்து குடிக்கப்போகும் காய். இதில் வயலுக்கு அடிக்கும் மருந்துக்கு இடமே கிடையாது.

பூச்சி இருந்தது உண்மைதான். தேடியதில் மூன்று வகை கிடைத்தது. ஆனால் இலை கொட்டத் தொடங்கியதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது குப்பைப் பை.

மரம் வந்த வழி

இது மேயர் எலுமிச்சை. அமெரிக்க விவசாயத் துறைக்காகச் செடி தேடி அலைந்த ஃபிராங்க் மேயர் 1908-இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த ரகம். அங்கே அது தொட்டியில் வைத்து வளர்க்கும் அலங்காரச் செடி. பழைய மேயர் மரங்கள், எலுமிச்சைக் குடும்ப மரங்களைக் கொல்லக்கூடிய டிரிஸ்டெசா வைரஸை அறிகுறி காட்டாமலே சுமந்து திரிந்ததால், வைரஸ் இல்லாத மேம்பட்ட மேயரை 1975-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. இன்று வட அமெரிக்க நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். நம் ஊர் எலுமிச்சையைவிடக் குளிரைக் கொஞ்சம் தாங்கும், புளிப்பு குறைவு. ஊறுகாய்க்குச் சரிவராது என்பது என் தனிப்பட்ட கருத்து. அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார்.

கோடை முழுக்க மரம் பின்கட்டு மரத்தளத்தில் நல்ல வெயிலில் நின்றது. இலை நிறைந்து, பூத்து, காய்த்தது. அக்டோபரில் ஓர் இரவு உறைபனி வரும் என்று செய்தியில் சொன்னதும் அவசரமாக உள்ளே இழுத்து, தெற்கு பார்த்த கண்ணாடிக் கதவுக்கு ஒட்டினாற்போல டைல்ஸ் தரையில் வைத்தார்கள். வெயில் கிடைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் வைத்ததுதான்.

நவம்பர் கடைசியில் இலை விழ ஆரம்பித்தது. வேரில் ஈரம் போதவில்லை என்று நினைத்து அக்கா தண்ணீரைக் கூட்டினார். டிசம்பர் நடுவில் இன்னும் அதிகம் விழுந்தது. உரம் போட்டார். கிறிஸ்துமஸ் முடிந்ததும், "குளிருக்கு வாடுது எண்டு நினைச்சு ஹீட்டர் காத்து வாற இடத்துக்குப் பக்கத்தில வச்சனான்" என்றார். ஹீட்டரின் சூடான காற்று தரைத் துளை வழியாக மேலே வீசும் இடம் அது. பூச்சி கண்ணில் பட்டது ஜனவரி நடுவில்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். பூச்சி தெரிவதற்கு ஏழு வாரம் முன்பே இலை விழுந்திருக்கிறது.

குப்பைப் பை சொன்னது

நல்லவேளை, அக்கா எதையும் தூக்கி எறியாதவர். உதிர்ந்த இலைகளை உரமாக்கலாம் என்று ஒரு பையில் கூட்டி வைத்திருந்தார். அதைத் தரையில் கொட்டிப் பிரித்தேன். அடியில் கிடந்தவை முதலில் விழுந்தவை, மேலே கிடந்தவை பிந்தி விழுந்தவை.

அடியில் இருந்தவை காய்ந்திருந்தாலும் பச்சை மாறாமல் இருந்தன. புள்ளி இல்லை, கடித்த தடம் இல்லை. முக்கியமான விஷயம், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காம்பே இல்லை. மரத்தைப் பார்த்தால் காம்புகள் கிளையிலேயே சின்னச் சின்ன ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. மேலே இருந்த இலைகள் வேறு மாதிரி. ஊசியால் குத்தியதுபோல வெளிர்மஞ்சள் புள்ளிகள், நிறம் மங்கி, தொட்டால் தூசு படிந்த உணர்வு.

எலுமிச்சை இலைக்குக் கழன்று விழ இரண்டு மூட்டுகள் உண்டு. ஒன்று காம்பு கிளையோடு சேரும் இடம், மற்றது இலைத்தகடு காம்போடு சேரும் இடம். வயதாகி இயல்பாக உதிரும் இலை மஞ்சளாகிக் காம்போடு விழும். பச்சையாக இருக்கும்போதே தகடு மட்டும் கழன்று விழுந்தால் மரம் திடீரென்று எதற்கோ தவித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தண்ணீர்த் தவிப்பு. சிலந்திப்பேன் கடுமையாகத் தாக்கினாலும் தகடு கழலும், ஆனால் அப்போது இலையில் புள்ளி இல்லாமல் இருக்காது.

தண்ணீர்த் தவிப்பா? தொட்டித் தட்டில் தண்ணீர் நிரம்பி நிற்கிறதே என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

அடுப்படியில் இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை வாங்கி, அதே அளவு மண் நிரப்பிய இன்னொரு தொட்டியைக் கண்ணாடிக் கதவருகே, மரம் முன்பு நின்ற அதே இடத்தில் ஓர் இரவு விட்டு வைத்தோம். காலை ஏழு மணிக்குக் குத்தினால் 10 டிகிரி. அறைக்குள் 21. நின்றபடி பார்க்கும் நமக்கு அறை வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. வேர் இருக்கும் இடம் ஒரு முழம் கீழே, குளிர்ந்த டைல்ஸ்மேல், பனி படிந்த கண்ணாடிக்கு நாலு விரல் தள்ளி.

எலுமிச்சைக் குடும்பத்தின் வேர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய தூங்கிவிடும். நீரை இழுக்காது. அதே நேரம் மேலே, கண்ணாடி வழியாக மத்தியான வெயில் நேராக இலையில் படுகிறது. வெயில் படும் இலை அறைக் காற்றைவிடச் சூடேறி, நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். கீழே வரவு நின்றுவிட்டது, மேலே செலவு நிற்கவில்லை. மரம் தன் செலவைக் குறைக்கிறது, இலையைக் கழற்றிப் போடுகிறது. வெயில் நேராகப் பட்ட பக்கம்தான் முதலில் மொட்டையானது என்று அக்காவே நினைவுபடுத்திச் சொன்னார்.

வேலை செய்யாத வேருக்கு இன்னும் தண்ணீர் ஊற்றினால் குடிக்க ஆளில்லாமல் அது மண்ணிலேயே தேங்கும். அடுத்து நடந்தது அதுதான்.

பிரான்ஸ் நாட்டில் வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே கட்டிய மண்டபம் ஒன்று உண்டு, 1680-களில் எழுந்தது. மே மாதம் மரங்களை வெளியே உருட்டி, அக்டோபரில் உள்ளே சேர்ப்பார்கள். அந்த மண்டபம் பனிக்காலத்தில் நம் வரவேற்பறையைவிட எவ்வளவோ குளிர். மரங்கள் அதில் நன்றாகவே இருக்கின்றன. வேரும் குளிர்ச்சி, இலையும் குளிர்ச்சி, இரண்டும் சேர்ந்து ஓய்வெடுக்கின்றன. நம் வீடுகளில் தலை ஒரு பருவத்திலும் கால் ஒரு பருவத்திலும் நிற்பதால்தான் சிக்கல்.

சூட்டுக்கு வந்த விருந்தாளிகள்

சரி, பூச்சிகளுக்கு வருவோம்.

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினேன். மிளகாய்த்தூள் சிந்தியதுபோலச் சில புள்ளிகள் விழுந்து, பிறகு நடக்க ஆரம்பித்தன. விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு. சிலந்திப்பேன். இது பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் சிலந்திக்கு உறவு. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையின் செல்களைக் குத்தி உறிஞ்சுவதால்தான் அந்த ஊசிப் புள்ளிகள் தோன்றுகின்றன. முற்றினால் கிளை நுனிகளில் மெல்லிய நூலாம்படையும் கட்டும்.

இதற்குப் பிடித்தது சூடும் வறட்சியும். மழையும் காற்றில் ஈரமும் இதற்கு ஆகாது. கனடாவில் ஜனவரி மாதம் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்பதை உதடு வெடித்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதிலும் சூடான காற்று நேராக வீசும் துளைக்குப் பக்கத்தில் மரத்தை வைத்தால், முட்டை பொரித்துப் பெரிதாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கோடையில் வெளியில் நின்றபோதே நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அங்கே மழையும் அவற்றைத் தின்னும் பூச்சிகளும் அடக்கி வைத்திருந்தன. உள்ளே வந்ததும் கேட்க ஆளில்லை. புள்ளி விழுந்த இலைகள் அதிகம் இருந்தது ஹீட்டர் பக்கம் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது விருந்தாளியைக் காட்டியது தரை. மரத்துக்குக் கீழே டைல்ஸ் பிசுபிசுத்தது. பேரன் ஜூஸைக் கொட்டிவிட்டான் என்று அக்கா பல தடவை துடைத்திருக்கிறார், பாவம் அவன் ஏச்சும் வாங்கியிருக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் இலையின் நடு நரம்பை ஒட்டியும் இளந்தண்டிலும் தட்டையான பழுப்புத் துணுக்குகள். நகத்தால் நெம்பினால் கழன்று வந்தன. செதில் பூச்சி, அதில் மென்செதில் வகை. சாற்றை உறிஞ்சி, மிச்சச் சர்க்கரையைத் தேன்போல் கீழே விடும். அந்தப் பிசினில் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிடும். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை. மூன்றாவது, தொட்டிமேல் பறந்த கருங்கொசு மாதிரியான சின்ன ஈக்கள். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வரும், காய்ந்தால் போகும். அதற்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை.

தொட்டியைச் சாய்த்து மரத்தை வேரோடு உருவினோம். மேல் பாதி பரவாயில்லை. அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சேறு, புளித்த நாற்றம். வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுநரம்பு மட்டும் நூலாக நின்றது. அழுகல். மேல்மண்ணில் மஞ்சள்தூளும் தேயிலைச் சக்கையும் இருந்தன. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செய்தவை

அழுகிய வேர்களைக் கத்தரித்தோம். பெரிய தொட்டிக்கு மாற்றவில்லை. வேர் குறைந்த மரத்தைப் பெரிய தொட்டியில் வைத்தால் மண் காயவே காயாது. அதே தொட்டியைக் கழுவி, பைன் பட்டைத் துண்டும் பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல் துகளும் கலந்த தளர்வான மண்ணில் வைத்தோம். தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது சட்டம் ஆயிற்று. உரத்துக்கு முழுத் தடை.

தொட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரமான மரப்பலகையில் ஏற்றி, அடியில் விதை முளைக்க வைக்கும் சூட்டுப் பாய் விரித்தோம். கண்ணாடியிலிருந்து மூன்றடி, ஹீட்டர் துளையிலிருந்து அறையின் மறுகோடி. வெளிச்சத்துக்கு எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு, டைமர் போட்டு நாளுக்கு 13 மணி நேரம். டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்தைத் தாண்டும். வேரைச் சூடாக்கிவிட்டு வெளிச்சம் தராமல் விட்டால் மரம் அடுத்த தவிப்பில் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

பேனுக்கு முதல் மருந்து குளியல். தொட்டியின் வாயைக் குப்பைப் பையால் கட்டி, மரத்தைக் குளியல் தொட்டியில் சாய்த்து வைத்து, கை ஷவரால் வெதுவெதுப்பான நீரை இலையின் அடிப்பக்கம் அடித்தோம். பாதிப் பேன் அதிலேயே போயிருக்கும். பிறகு செதில்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி, 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். முப்பது இலை மட்டும் மிஞ்சியதில் இருந்த ஒரே சௌகரியம் இது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அடுத்து பூச்சிக்கொல்லி சோப்பு, கடையில் கலந்தே விற்பது. பாத்திரம் கழுவும் திரவத்தை ஏன் கலக்கக் கூடாது என்று பலரும் கேட்பார்கள். அது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட், இலையைச் சுட்டுவிடக்கூடும். பூச்சிக்கொல்லி சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் பொட்டாசியம் உப்பு. ஈரமாக இருக்கும்போது உடம்பில் பட்டால்தான் கொல்லும், காய்ந்தபின் சக்தி கிடையாது. முட்டையைக் கொல்வதை நம்ப முடியாது. அதனால் ஒரு தடவை அடித்துவிட்டுச் சும்மா இருந்தால் அடித்ததும் அடிக்காததும் ஒன்றுதான். ஐந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை, விளக்கை அணைத்த பிறகு, இலையின் அடி சொட்டச் சொட்ட அடித்தோம். நான் போன கடையில் வேப்பெண்ணெயும் இருந்தது, ஆனால் லேபிளில் இலைக்கு மினுமினுப்புத் தருவது என்று மட்டும் போட்டிருந்தார்கள். நம்மவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள். எனக்கு சோப்பே போதுமாக இருந்தது, அந்த வாசத்தை வீட்டுக்குள் தாங்கவும் முடியாது.

காய்கள்தான் பெரிய வழக்கு. முப்பது இலை ஒன்பது காயைச் சுமக்க முடியாது, எல்லாவற்றையும் பறியுங்கள் என்றேன். "பிள்ளைகள் மாதிரி வளர்த்தனான் தம்பி" என்று கண் கலங்கினார். கடைசியில் ஏழைப் பறித்தார், மஞ்சளேறிய இரண்டை விட்டோம்.

என் பிழைகள்

முதலாவது கறிவேப்பிலை. மரத்துக்கு இரண்டடி தள்ளி அக்காவின் கறிவேப்பிலைச் செடி நின்றது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம், ருட்டேசியே. ஒன்றின் சாற்றை விரும்புவது மற்றதையும் விரும்பும். அமெரிக்காவில் எலுமிச்சைத் தோட்டங்களை அழித்துவரும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சைலிட் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால்தான் அங்கே சில மாநிலங்களில் இந்தச் செடியை இடம்விட்டு இடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. இதெல்லாம் தெரிந்தும், பக்கத்துச் செடியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிப்ரவரி நடுவில் எலுமிச்சையில் மறுபடியும் குட்டிச் செதில்கள். கறிவேப்பிலைத் தண்டில் வரிசையாக அவற்றின் தாய்மார்கள். திரும்பவும் முதலிலிருந்து. ரசத்துக்கு மூன்று வாரம் கடைக் கறிவேப்பிலை.

இரண்டாவது தண்ணீர். அழுகலுக்குப் பயந்து, காய விடுங்கள் காய விடுங்கள் என்று சொல்லி மண்ணை ஒரேயடியாகக் காயவிட்டேன். தொட்டியைத் தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. பதறிப்போய் ஒரே நேரத்தில் முழுதாக நனைத்தோம். இரண்டு நாள் கழித்து பதினொரு இலைகள் விழுந்தன. தண்ணீர் விட்டபின் விழுவது விசித்திரமாகத் தோன்றும். தாகத்தில் இருக்கும்போது எலுமிச்சை வேரில், இலையை உதிரச் செய்யும் எத்திலீன் வாயுவுக்கு மூலப்பொருளான ஒரு வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். நீர் கிடைத்ததும் அது சாற்றோடு இலைக்கு ஏறி எத்திலீனாக மாறி, காம்பு மூட்டை வெட்டிவிடும். அதனால் வறண்டுபோன எலுமிச்சையில் இலை விழுவது வறட்சியின்போது அல்ல, தாகம் தீர்ந்த பிறகு. அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதினொன்றையும் அதே பையில் போட்டார்.

அதன்பின் அளவு ஒன்று வைத்துக்கொண்டோம். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்ப்பது, அங்கே உலர்ந்திருந்தால் தட்டில் வழியும்வரை ஊற்றி, வழிந்ததைக் கொட்டிவிடுவது.

துளிர்

மார்ச் முதல் வாரம் வரை மரம் அசையவில்லை. கிளைகளை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். அடியில் பச்சை தெரிந்தவற்றை விட்டேன், பழுப்பாக இருந்த நாலைந்து நுனிகளையும் அவசரப்பட்டு வெட்டவில்லை. மார்ச் பதினாறில் அக்கா படம் அனுப்பினார். காம்பு மட்டும் நின்ற ஆணிகளுக்குப் பக்கத்தில் அரிசி முனை அளவுக்குத் துளிர். அடுத்த வாரமே மொட்டும் வந்தது. துன்பப்பட்ட மரம் இப்படித்தான், இலை வருவதற்குள் பூத்துத் தள்ளும். வீடு முழுக்க மணம். இந்த முறை பூவைக் கிள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய் பிடிக்கும்போது உதிர்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம், அதில் பெரும்பாலானவற்றை மரமே உதிர்த்துக்கொண்டது.

மே மாதம் கனடாவின் விக்டோரியா தின விடுமுறை வாரம் கழிந்ததும் வெளியே விட்டோம். முதல் வாரம் நிழல், இரண்டாம் வாரம் காலை வெயில் மட்டும். வீட்டுக்குள் முளைத்த இலையை நேரே வெயிலில் வைத்தால் வெந்துவிடும்.

அந்த ஆண்டு உறைபனிச் செய்திக்குக் காத்திருக்கவில்லை. செப்டம்பரில் இரவு 10 டிகிரியைத் தொடும் என்று தெரிந்ததுமே, இரண்டு செடிகளையும் வெளியிலேயே குளிப்பாட்டி, ஒரு வாரம் இடைவெளியில் இருமுறை சோப்பு அடித்து, பிறகு உள்ளே எடுத்தோம். மரம் பலகைமேல், சூட்டுப் பாயோடு, விளக்கின் கீழ். பத்து நாளுக்கொரு முறை வெள்ளைத் தாள் தட்டல் பேரனின் வேலை. ஒரு தடவை இரண்டு பேன் விழுந்தது, குளியலோடு சரியாயிற்று.

இரண்டாம் பனிக்காலத்தில் விழுந்த இலைகளை அக்கா எண்ணி வைத்திருந்தார். பதினேழு. எல்லாம் மஞ்சள், எல்லாம் காம்போடு.